மறியலில் நின்றது நீங்கள், மறுநாள் பேப்பரில் நின்றது பஸ்

கேள்வி: ஐயா, நாங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் போட வேண்டாம். 19 நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன மாதம் எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். மறுநாள் மூன்று பேப்பர் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் ‘குடிநீர் கேட்டு பெண்கள் மறியல்’ என்று போட்டோவோடு வந்தது. இன்னொன்றில் ‘திடீர் மறியலால் பயணிகள் அவதி’ என்று இருந்தது. மூன்றாவதில் ஒரு வரிகூட இல்லை. அந்த மூன்றாவதைத்தான் என் மாமனார் காலத்திலிருந்து வீட்டில் வாங்குகிறோம். கணவர் ஒரு சேனல், கொழுந்தனார் அதற்கு எதிர் சேனல், பிள்ளைகள் யூடியூப். யாரை நம்புவது? இந்த நிலைமையில் பிளஸ் டூ முடித்த என் மகள் இதழியல்தான் படிப்பேன் என்கிறாள். ‘எல்லாம் விலைபோன கூட்டம், அங்கே போய் பிள்ளையைச் சேர்ப்பாயா’ என்று அண்ணன் திட்டுகிறார். சேர்க்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்று பேப்பரையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், எடுத்து வையுங்கள். உங்கள் மகளுக்கு முதல் பாடப்புத்தகம் அதுதான். மூன்றில் எதுவுமே பொய் எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பெண்கள் உட்கார்ந்தது உண்மை, பயணிகள் கஷ்டப்பட்டதும் உண்மை. எழுதாமல் விட்ட பேப்பரையோ பொய் என்று யாரும் பிடிக்கவே முடியாது.

நான் 27 வருடம் பத்திரிகை டெஸ்க்கில், அதாவது நிருபர் அனுப்புகிற செய்தியைத் திருத்தித் தலைப்பு வைக்கிற இடத்தில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் மாவட்டப் பக்கங்கள். உங்கள் செய்தி என்ன பாடு பட்டிருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். முதல் பேப்பரின் நிருபர் நேரில் வந்திருக்கிறார், போட்டோ இருக்கிறதே. இரண்டாவது பேப்பரின் நிருபர் அந்த நேரம் வேறு எங்கோ இருந்திருப்பார். இரண்டு தாலுகாவுக்கு ஒரே ஆள் என்பது இப்போது சாதாரணம். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு போன் போட்டு ‘சார், இன்னைக்கு என்ன’ என்று கேட்டிருப்பார், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை எடுத்துக்கொண்டிருப்பார். போலீஸ் குறிப்பில் குடம் இருக்காது. மறியல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் பஸ் நின்றது, எந்த அதிகாரி பேச்சுவார்த்தை நடத்தினார், எப்போது கலைந்தார்கள் என்றுதான் இருக்கும், ஏனென்றால் போலீசுக்கு அது போக்குவரத்துப் பிரச்சினை. அதை அப்படியே எழுதினால் ‘பயணிகள் அவதி’ தானாக வந்து விழும். டெஸ்க்கில் இருக்கிறவர் ராத்திரி பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பியாக வேண்டும், 19 நாள் என்ற கணக்கை அவரிடம் யாரும் சொல்லவில்லை, பிறகு அது தலைப்பில் எப்படி வரும்?

மூன்றாவது பேப்பரைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லக் கூடாது, இடம் இல்லாமல்கூட விட்டுப்போயிருக்கலாம். ஆனால் ஒரு நடைமுறையைச் சொல்கிறேன். பல பத்திரிகைகளில் தாலுகா நிருபர் என்பவர் பகுதிநேர ஆள். சம்பளம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கிடையாது, அவர் பிடித்துத் தருகிற விளம்பரத்தின் கமிஷனில்தான் வீடு ஓடுகிறது. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, கட்சி ஒன்றியச் செயலாளர் பிறந்தநாளுக்கு என்று டார்கெட் கொடுப்பார்கள். தண்ணீர் ஏன் வரவில்லை என்று யாரிடம் கேட்க வேண்டுமோ, அவரிடமே அடுத்த மாதம் அரைப்பக்க வாழ்த்து விளம்பரத்துக்கும் போய் நிற்க வேண்டும். யாரும் மிரட்ட வேண்டாம், மேலிடத்திலிருந்து போன் வர வேண்டாம், அவரே எழுதாமல் விட்டுவிடுவார். பத்திரிகை விலைபோய்விட்டது என்று பேசுகிறவர்கள் டெல்லியையும் பெரிய முதலாளிகளையும் பற்றியே பேசுகிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தெருத் தண்ணீர் செய்தி காணாமல் போகிற இடம் இந்த விளம்பர ரசீதுப் புத்தகம்தான், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உங்கள் அண்ணனுக்கு ஒன்று சொல்லுங்கள். ‘அவன் பத்திரிகை ஒரு பக்கம் சாய்ந்தது’ என்ற கோபத்தில்தான் நம் ஊரில் பத்திரிகைகளே பிறந்தன. 1878-ல் டி. முத்துசுவாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது, ஓர் இந்தியர் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எதிர்த்து எழுதின. அதற்குப் பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்ததுதான் ‘தி இந்து’. அந்த ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். சரி, இதிலெல்லாம் நாங்கள் எங்கே என்று கேட்டவர்கள் அடுத்து வந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’, அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ (விலையையே பெயரில் வைத்தார்), நீதிக்கட்சிக்காரர்கள் 1917-ல் ‘திராவிடன்’, பெரியார் 1925-ல் ‘குடிஅரசு’, கருணாநிதி 1942-ல் ‘முரசொலி’. முந்தைய பத்திரிகையில் தன் முகத்தைக் காணாதவர்தான் அடுத்ததைத் தொடங்கியிருக்கிறார்.

அதனால் ஒரு பத்திரிகைக்குப் பக்கம் இருப்பதை நான் குற்றமாக நினைப்பதில்லை. முரசொலி வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று நன்றாகத் தெரியும். பக்கத்தை ஒளித்து வைத்துக்கொண்டு ‘நடுநிலை’ என்று சொல்லிக்கொள்வதும், போகாத இடத்துக்குப் போனது மாதிரி எழுதுவதும்தான் குற்றம். என்னிடம் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய குற்றம். இவர் யார் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால், இவர் அங்கே போனாரா என்று கேளுங்கள்.

இதை நான் எங்கேயோ படித்துச் சொல்லவில்லை. நான் போகாமல் தலைப்பு போட்டவன். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ராத்திரி ஷிஃப்ட். கிராமத்துக் கிணற்றில் ஒரு பெண்ணின் உடல் கிடந்த செய்தி வந்தது, மொத்தம் நாலு வரி, போலீஸ் சொன்னதாக அதில் ‘தகாத தொடர்பு’ என்று இருந்தது. நான் தலைப்பில் ‘கள்ளக்காதல்’ என்று போட்டேன். ஒரு பத்தி அகலத்தில் அடங்குகிற சொல், டெஸ்க்கில் எங்கள் எல்லாருக்கும் கைப்பழக்கமான சொல். நாலைந்து நாள் கழித்து அவளுடைய தம்பி ஆபீசுக்கு வந்தான். இருபது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பரை எடுத்து என் மேசையில் விரித்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, ‘இதை யார் சார் சொன்னது’ என்று கேட்டான். போலீஸ் என்றேன். ‘உங்க ஆளு யாராவது எங்க ஊருக்கு வந்தாங்களா சார்’ என்றான். நான் பதில் சொல்லவில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் மை தேய்ந்து அவன் விரலில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

பிறகு அது வரதட்சணை வழக்காக மாறி, புருஷனைக் கைது செய்தார்கள். அந்தச் செய்தியை உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டோம். திருத்தம் போடவில்லை, போட வேண்டும் என்று நான் எழுந்து கேட்கவும் இல்லை. அந்தத் தலைப்பில் எந்தக் கட்சியும் இல்லை, எந்த விளம்பரதாரரும் இல்லை. ஆம்பளைகள் மட்டுமே உட்கார்ந்திருந்த ஒரு டெஸ்க்கின் சார்பு அது. ஒரு பெண் செத்துக்கிடந்தால் முதலில் எந்தச் சொல் கைக்கு வருகிறது என்பதில் இருந்தது. உங்கள் மகளைப் போன்றவர்கள் டெஸ்க்குக்கு வர வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு அந்தப் பையனின் விரல்தான் காரணம்.

தலைப்பு எப்படி வேலை செய்கிறது என்று இன்னொன்றும் பாருங்கள். 2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் சுட்டு மொத்தம் 13 பேர் செத்தார்கள். இதை ‘போலீசார் சுட்டதில் 13 பேர் பலி’ என்று எழுதலாம். ‘துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி’ என்று எழுதலாம். ‘கலவரத்தில் 13 பேர் பலி’ என்றும் எழுதலாம். முதல் வரியில் சுட்டவர் இருக்கிறார். அடுத்ததில் துப்பாக்கி மட்டும் இருக்கிறது. கடைசியில் துப்பாக்கியும் இல்லை, செத்தவர்களே கலவரக்காரர்கள் போல ஆகிவிடுகிறார்கள். தமிழில் எழுவாயைத் தூக்கிவிட்டாலும் வாக்கியம் நொண்டாது, அதனால் தூக்கியது படிக்கிறவர் கண்ணில் படாது. அன்றைய முதலமைச்சரே டிவி பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார், பிறகு இன்டர்நெட்டையும் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்று படம் எடுத்த கேமராக்காரர்கள் இல்லையென்றால், சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வேன் மேல் ஏறிக் குறிபார்த்த காட்சியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். போலீஸ் வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்ன அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022-ல். நாலு வருடம், அந்தப் படங்கள்தான் அதுவரை தாக்குப்பிடித்தன.

உங்கள் வீட்டு சேனல் சண்டைக்கு வருகிறேன். சன் டிவி 1993-ல் வந்தது, ஜெயா டிவி 1999-ல், கலைஞர் டிவி 2007-ல். எந்த சேனல் எந்தக் கட்சிக்குப் பக்கம் என்பது தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சுக்குக்கூடத் தெரியும். அதனால் நம் ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், இரண்டையும் பார்த்து நடுவில் எடுத்துக்கொள்வது. உங்கள் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்தால் இந்தக் கணக்கு வீட்டிலேயே நடந்துவிடும். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு பக்கமும் பேசாத விஷயம் நடுவில் இருக்கவே இருக்காது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்து ஒரு சுவர் வருடக்கணக்காக நின்றது. அதில் ஒரு பகுதியை இடித்தது 2008 மே மாதத்தில்தான். அதுவரை எத்தனை தேர்தல், எத்தனை விவாதம், எத்தனை பிரேக்கிங் நியூஸ். எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் சேர்ந்து ஒரு சுவர் எழுப்பினால், அதை எதிர் சேனலும் காட்டாது. சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர் வீட்டுக் கதையும் இப்படித்தான், ஒருநாள் வரும், மறுநாள் இருக்காது. ஆக, இரண்டு சேனலையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள், கட்சிச் சண்டை மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

அப்புறம் யூடியூப். பிள்ளைகளைத் திட்டாதீர்கள், நல்ல வேலை செய்கிற தனி ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், பெரிய பத்திரிகைகள் கைவிட்ட ஊர்களுக்கு ஒரு போனோடு போகிறவர்கள் உண்டு. ஆனால் 2023 மார்ச் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்கள் முழுக்கப் பரவின. அதில் ஒன்று திருப்பூரில் பிகார்க்காரர்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு நடந்த சண்டை என்று அப்போதைய டிஜிபி வீடியோ போட்டே சொல்ல வேண்டியிருந்தது. பிகார் அரசு ஒரு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. அங்கே ஒரு அம்மா, மகனுக்கு போன் போட்டு உடனே கிளம்பி வா என்று அழுதிருப்பார் இல்லையா, அவரை அழவைக்க ஒரு போன் திரை போதும்.

இங்கேதான் எங்கள் தொழிலின் வேலையே மாறிவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் செய்தியைக் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் வேலை, நாங்கள் கொடுக்காவிட்டால் உங்களுக்குத் தெரியாது. இன்று நாங்கள் வருவதற்கு முன்னால் செய்தி உங்கள் கையில் இருக்கிறது, நிஜமும் பொய்யும் ஒரே தட்டில். திருப்பூர் பனியன் கம்பெனி வாசலுக்குப் போய், இந்தி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, உங்களை யாராவது அடித்தார்களா என்று கேட்டு வந்து எழுதுவதுதான் இன்றைய வேலை. அதற்குப் பஸ் காசு வேண்டும், ஒரு முழுநாள் வேண்டும். இரண்டையும்தான் நிறுவனங்கள் முதலில் வெட்டுகின்றன. ஸ்டுடியோவில் நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிடுவது அதைவிட மலிவு.

சரி, நீங்கள் என்ன செய்வது? செய்தி பார்க்கும்போது, பெயர் சொல்லிப் பேசுகிறவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘பரபரப்பு நிலவியது’ என்றே போனால் யாரும் எங்கும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறு வந்தால் திருத்தம் போடுகிற பத்திரிகை எது என்று பாருங்கள், திருத்தமே போடாத பத்திரிகையை நான் நம்புவதில்லை, எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. அந்த இரண்டாவது பேப்பருக்குக் கடிதம் எழுதுங்கள். ஆசிரியர் பெயரும் முகவரியும் பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் கட்டாயம் இருக்கும். திட்டி எழுத வேண்டாம். தேதி, பக்கம், 19 நாள், எந்த அலுவலகத்தில் எப்போது மனு கொடுத்தீர்கள், இவ்வளவு போதும். உண்மையிலேயே தவறான தகவல் போட்டு, எழுதியும் கேட்கவில்லையென்றால், பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கிற பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம், தினசரியாக இருந்தால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள். கண்டிக்க மட்டும்தான் அதற்கு அதிகாரம், தண்டிக்க முடியாது. இருந்தாலும் அந்த நோட்டீஸ் வந்தால் ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி நகரும், நான் பார்த்திருக்கிறேன். டிவி என்றால் முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், 2021-ல் வந்த கேபிள் டிவி விதிப்படி 15 நாளில் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

முதல் பேப்பரின் நிருபர் பைக்கில் வந்து போட்டோ எடுத்தாரே, அவருக்கு ஒரு போன் போட்டு ‘தம்பி, வந்ததுக்கு நன்றி, இன்னும் தண்ணி வரலை’ என்று சொல்லுங்கள். வாசகர்கள் எங்களுக்குப் போன் செய்வது திட்டத்தான். இந்த ஒரு போனுக்கு அவர் மறுபடியும் உங்கள் தெருவுக்கு வருவார்.

மகள் விஷயம். சேருங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். ஆரம்பச் சம்பளம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி அன்றைக்கும் ஷிஃப்ட் இருக்கும். பெண் நிருபர் என்றால் வேலையைப் பேசுவதைவிட்டு அவளைப் பற்றி அசிங்கமாகப் பேச ஒரு கூட்டம் வரும், இதை அவளிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அதிகாரத்தின் கோபமும் உண்டு. 1987-ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு நம் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சீக்கிரமே விட்டார்கள், பின்னர் கோர்ட்டுக்குப் போய் 1000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக அதே விகடனின் இணையதளத்தையே மத்திய அரசு முடக்கியது. எல்லாரும் விலைபோனவர்கள் என்றால் இதற்கெல்லாம் தேவையே இருந்திருக்காது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

எதைப் படிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் டிகிரி பொருளாதாரமோ வரலாறோ சட்டமோ இருக்கட்டும், இதழியலைப் பிறகு ஒரு வருடம் படிக்கலாம். கேமரா பிடிக்க ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், ஊராட்சி வரவு செலவுக் கணக்கை வாசித்து அதில் குழாய்க்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க அடித்தளம் வேண்டும். கல்லூரியில் இருக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு எழுதிப் போடட்டும், அந்த வழியாக வந்தவர்கள் இன்று பல சேனல்களிலும் பத்திரிகைகளிலும் இருக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதப் பழகட்டும், பத்து ரூபாய்தான் கட்டணம். உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியே முதல் மனு போடலாம்.

அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை. அடுத்த கிராம சபைக்கு அவள் போகட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது முதலில் வருகிறதோ அது. நோட்டும் பேனாவும் போதும். யார் பேசினார்கள், யாரைப் பேச விடவில்லை, எத்தனை பேர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது அதிகாரி சொன்ன பதில் என்ன, வார்த்தை மாறாமல். அந்தப் பதிலைச் சரிபார்க்க மேல்நிலைத் தொட்டிக்குப் போய் மோட்டார் ஓடுகிறதா என்று அவளே பார்க்கட்டும், ஆபரேட்டரிடம் அவர் தரப்பையும் கேட்கட்டும், பஸ்ஸில் மாட்டிக்கொண்ட பயணி யாராவது அகப்பட்டால் அவரிடமும். எல்லாவற்றையும் 300 சொல்லுக்குள் எழுதி, தலைப்பும் அவளே வைத்து, முதலில் மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். பிறகு எனக்கு அனுப்புங்கள். சிவப்புப் பேனாவில் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரத்தில் காரணம் எழுதித் தபாலில் திருப்பி அனுப்புகிறேன்.